டைட்டானியா: கரியமில வாயுவை எரிபொருளாக்கும் ஒளிவினையூக்கி

டைட்டானியா எனப்படும் டைட்டானியம் டைஆக்சைடு, பெயின்ட்டுக்கு வெண்மை தரும் நிறமியாகவே பரவலாக அறியப்பட்டதாயினும், கரியமில வாயுவையும் நீரையும் ஒளியின் துணையால் மீத்தேன் போன்ற ஹைட்ரோகார்பன்களாக மாற்றவல்ல வினையூக்கியாகவும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. இதன் மூலக்கனிமமான இல்மனைட், மணவாளக்குறிச்சி முதல் கொல்லத்தை அடுத்த சவறா வரை, பழைய திருவிதாங்கூர்க் கடற்கரையில் கருமணலாகக் கிடைக்கிறது. இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து அனடேஸ் என்னும் படிக வகை டைட்டானியாவைத் தயாரிக்கும் ஆலை, 1946இல் நிறுவப்பட்ட நிறுவனத்தின் கீழ்த் திருவனந்தபுரத்துக் கொச்சுவேளியில் அமைந்தது. அதே நகரின் பாப்பனங்கோட்டில் 1975இல் தொடங்கப்பெற்ற சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் (இன்றைய நிஸ்ட்), இல்மனைட்டைப் பதப்படுத்துவதிலும் நானோ டைட்டானியா தயாரிப்பிலும் ஆய்வு செய்துள்ளது. மணலும் ஆலையும் ஆய்வறிவும் இவ்வளவு அருகருகே அமைவது அரிது.

அனடேஸ் மீது சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதா ஒளி படும்போது, அதிலுள்ள எலக்ட்ரான் உயர் ஆற்றல் நிலைக்குத் தாவ, அது விட்டுச்சென்ற வெற்றிடமாகிய மின்துளை நீரை ஆக்சிஜனேற்றுகிறது. தாவிய எலக்ட்ரான் கரியமில வாயுவை ஒடுக்குகிறது. பெயின்ட்டில் இதே பண்பு பெருங்குறையாகும். வெயிலில் பசைப்பொருள் சிதைந்து சுவர் சுண்ணாம்பாய் உதிர்வதைத் தடுக்கவே நிறமித் துகள்களுக்கு அலுமினா, சிலிக்கா பூச்சு இடப்படுகிறது. ஆகவே, நிறமியாக விற்கப்படும் டைட்டானியாவை அப்படியே வினையூக்கியாகக் கொள்ள இயலாது. பூச்சின்றி, பரப்பு மிகுந்த நுண்துகள்களாகவோ நுண்குழாய்களாகவோ அதைத் தனியே உருவாக்க வேண்டும்.

ஒரு மீத்தேன் மூலக்கூறு உருவாக எட்டு எலக்ட்ரான்களும் எட்டு புரோட்டான்களும் தேவைப்படுகின்றன. ஆனால் தாவிய எலக்ட்ரான்களுள் பெரும்பாலானவை வினைபுரியுமுன் துளைகளோடு மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. எஞ்சியவற்றிலும் ஒரு பகுதி ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில் செலவாகிறது. சூரிய ஒளியிலோ புறஊதாப் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடே. ஜப்பானிய ஆய்வாளர்கள் இனோவே, புஜிஷிமா, கொனிஷி, ஹோண்டா ஆகியோர் டைட்டானியா உள்ளிட்ட குறைகடத்திப் பொடிகளால் கரியமில வாயுவை ஒடுக்கிக் காட்டிய 1979 முதல் இத்துறையினரைத் தடுத்து நிற்பவை இவையே. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊமன் வர்கீஸ், மேகி பாலோஸ், கிரேக் கிரைம்ஸ் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நைட்ரஜன் சேர்த்த நுண்குழாய்கள் மீது பிளாட்டினம், செம்பு நுண்துகள்களைப் பதித்து, திறந்தவெளிச் சூரிய ஒளியிலேயே மீத்தேனைப் பெற்றுக் காட்டியது. இவ்வுலோகத் துகள்கள் எலக்ட்ரான்களைப் பற்றி வைத்து வினைக்கு வழங்குகின்றன.

விளையும் வாயு மிகச் சிறிதாதலால், வினையூக்கியின் மேற்பரப்பில் ஒட்டிய கரிம மாசே மீத்தேனாக வெளிவந்து ஆய்வாளரை ஏமாற்றுவதுண்டு. கார்பன்-13 ஐசோடோப்பு கொண்ட கரியமில வாயுவைச் செலுத்தி, வெளிவரும் மீத்தேனில் அதே ஐசோடோப்பு காணப்படுகிறதா எனச் சோதிப்பதே இதற்குத் தக்க வழி. அச்சோதனையின்றி அறிவிக்கப்படும் விளைச்சல் அளவுகள் நம்பத்தக்கன அல்ல.