மிடி என்னும் மொழி

மின்னியல் இசைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழிக்கு 'மிடி' என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து உண்டான பெயர் அது. தமிழில் மிடி என்றால் வறுமை என்பதை நேயர்கள் அறிவர். தற்செயலாக நேர்ந்த இந்த ஒற்றுமையை நான் வகுப்பில் பலமுறை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால், அதில் வேடிக்கையை விடச் சற்றுக் கூடுதலாக ஏதோ இருக்கிறது.

எழுபதுகளில் மின்னியல் இசைக்கருவி செய்த நிறுவனம் ஒவ்வொன்றும் தனித்தனி முறையைக் கையாண்டது. ஒன்றின் கருவியை மற்றொன்றின் கருவியோடு இணைக்க முயல்வது, மொழி தெரியாத இருவரை ஓர் அறையில் விட்டதற்கு ஒப்பாகும். யப்பானின் ரோலன்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இக்குத்தாரோ காக்கேஹாஷி, 1981 இல் அமெரிக்கப் போட்டியாளர்களிடம் பொதுமுறை ஒன்றைப் பற்றிப் பேசினார். அவர்களுள் ஒருவரான டேவ் ஸ்மித் அதே ஆண்டில் அதற்கான முதல் வரைவை முன்வைத்தார். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த வணிகக் கண்காட்சியில் ஸ்மித்தின் புரொஃபெட்-600 கருவியும் ரோலன்டின் ஜூப்பிட்டர்-6 கருவியும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசிக்க மற்றது ஒலித்தது. அந்த மொழிக்கு உரிமைப்பணம் எவரும் கேட்கவில்லை. வணிக உலகில் இப்படியொரு கொடை அரிது. இருவருக்கும் 2013 இல் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது. காக்கேஹாஷி 2017 இலும் ஸ்மித் 2022 இலும் காலமாயினர்.

அந்தக் கம்பியில் செல்வது ஒலியன்று என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. செல்வது ஏவல். 'இன்ன சுரத்தை ஒலி' என்ற கட்டளைக்கு மூன்று எண்கள் போதும். எந்தக் கருவிக்கு என்ன கட்டளை என்பது முதலாவது எண். கட்டைகளுள் எது என்பது இரண்டாவது. விரல் எவ்வளவு வேகத்தில் இறங்கியது என்பது மூன்றாவது. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண் உண்டு. நடு ஸ்தாயியின் 'சி' என்ற சுரம் 60. வினாடிக்கு 31,250 பிட் வேகத்தில் செல்வதால், மூன்று எண்களும் போய்ச்சேர ஆயிரத்திலொரு வினாடி கூட ஆகாது. ஒரே கம்பியில் 16 தடங்களுக்குத் தனித்தனியே ஆணையிடலாம். இலக்கணம் படித்தவர்கள் இதனை முன்னிலை ஏவல் என்பர்: வா, போ, அடி, நிறுத்து.

மலையகத்தாருக்கு இது புதிதன்று. தோட்டங்களில் ஒரு காலத்தில் விடியுமுன் பெரட்டுத் தப்பு முழங்கும். பெரட்டுக்களத்துக்கு வா என்பது அதன் பொருள். மறுக்க முடியாத ஏவல் அது. சாவுக்கு வேறோர் அடி, சாமி ஊர்வலத்துக்கு வேறோர் அடி. லயத்தில் படுத்திருப்பவர் எழுந்து பாராமலே செய்தியை அறிவார். ஆனால், அதே தப்பு மாசியில் காமன் கூத்துக்கு முழங்கும்போது கூத்தாடுபவனின் காலைப் பார்த்துப் பார்த்து அடி மாறும். அங்கே அது ஏவுவதில்லை, உரையாடுகிறது.

தமிழ்த் திரையிசைக்கு மிடி எண்பதுகளிலேயே வந்துவிட்டது. 1986 இல் 'புன்னகை மன்னன்' படத்துக்காக இளையராஜா கணனியைக் கொண்டு இசை கோத்தார். 1992 இல் 'ரோஜா' வெளிவந்தபோது, ஏ. ஆர். ரஹ்மான் சென்னையில் தம் வீட்டோடு அமைத்திருந்த கூடம் ஊரறிந்ததாயிற்று. நோர்வூட் கடைத்தெருவிலும் அந்தப் பாடல்கள் ஒலித்தன. ஐம்பது வயலின்கள் தந்த நாதத்தைக் கீபோட் ஒன்று ஏறத்தாழத் தந்தது. அந்த 'ஏறத்தாழ'வில் எத்தனையோ வாத்தியக்காரர்களின் பிழைப்பு அடங்கியிருந்தது.

இனி வறுமைக்கு வருவோம். நம் இசையின் உயிர் கமகம். கட்டைகளுக்கு இடையே அசையும் சுரத்தைத் தர ஆர்மோனியத்தால் இயலாது என்பது பழைய முறைப்பாடு. அகில இந்திய வானொலி 1940 இல் அதனை விலக்கியே வைத்தது. மிடியில் சுரத்தை வளைக்க 16,384 படிகள் உண்டு. ஆயினும் ஒரு தடத்தில் ஒரு சுரத்தை வளைத்தால், அத்தடத்தில் ஒலிக்கும் சுரம் யாவும் சேர்ந்தே வளையும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனி அசைவு தரும் விரிவு 2018 இல்தான் ஏற்கப்பட்டது. நாதஸ்வர வித்துவான் ஒருவர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

தப்பின் நிலை இதனினும் மோசம். இன்று கோயில் திருவிழாவுக்கு வரும் இசைக்குழுவின் பெட்டியில் தப்பும் ஓர் ஒலியாக இருக்கிறது. விரலால் தட்டினால் போதும். தட்டிய வேகத்தை எண் அறியும். மூடுபனியில் தோல் தளர்ந்திருப்பதை அறியாது. தப்படிப்பவரைத் தாழ்வாகப் பார்த்த ஊருக்கு, ஆளில்லாத தப்பு வசதியாகவும் இருக்கிறது என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அதே வேளையில், தந்தையின் தப்பைத் தொட மறுத்த பிள்ளைகளின் பக்கமும் நியாயம் உண்டு. சாவு வீட்டு வாசலில் நின்று கூலி கேட்ட அவமானத்தை அவர்கள் கண்டவர்கள்.

2020 இல் மிடியின் இரண்டாம் பதிப்பு வந்தது. விரலின் வேகத்துக்கு 65,536 படிகள். கருவிகள் ஒன்றையொன்று வினவி விடைபெறவும் வழி செய்திருக்கிறார்கள். இவ்விடத்தில் எனக்குக் காமன் கூத்துத்தான் நினைவுக்கு வருகிறது.

நோர்வூட்டைச் சூழ்ந்த தோட்டங்களில் அடிகளின் பெயர் தெரிந்த முதியவர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் மாணவர்கள் அவற்றைக் கைத்தொலைபேசியில் பதிந்து வருகிறார்கள். சென்ற மாதம் போன வீட்டில் பெரியவர் உடனே அடிக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க சேர், காய்ச்சிக்கிறேன்" என்றார். அன்று முழுதும் மழை. காய்ந்த மிலாறு தேடிப் பிள்ளைகள் இரண்டு லயம் அலைந்தார்கள்.