கொக்கியும் வளையமும் நெருப்பும்

சேலம் நகரை ஒட்டி, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. மழைக்காலம் முடிந்த சில வாரங்களில் இங்குள்ள மேட்டு நிலங்களில் ஒரு முறை நடந்து வந்தால் போதும். வேட்டிக் கரை முழுவதும் நாயுருவியும் மருளூமத்தைக் காய்களும் ஒட்டியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுப்பது நம் ஊர்களில் எல்லாருக்கும் பழகிய வேலை. மருளூமத்தைக் காய் ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அதன் முட்களின் நுனி தூண்டில்முள்போல் வளைந்திருப்பதைக் காண்பீர்கள். துணியின் நூல்களில் அந்தக் கொக்கிகள் மாட்டிக்கொள்கின்றன.

நெசவாளர் குடும்பத்திலிருந்து வரும் என் மாணவர் ஒருவர், சில நாட்களுக்கு முன் ஒரு நாடாவை வகுப்புக்குக் கொண்டுவந்தார். செருப்பிலும் பள்ளிப் பையிலும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையிலும் நீங்கள் பார்த்திருக்கும் அதே 'வெல்க்ரோ' நாடாதான். சோதனைச் சாலையில் அதன் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினோம். நாடா சுருங்கி, உருகி, சொட்டுச் சொட்டாக எரிந்தது. "சார், எரியாதபடி இதை நெய்ய முடியாதா?" என்று கேட்டார்.

முடியும், நெய்திருக்கிறார்கள். ஆனால் 'எரியாதது' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைத் தெளிவாக உணர்வதற்குள் உயிர்கள் பலியாகிவிட்டன. அந்த வரலாற்றையும் அதில் அடங்கியுள்ள அறிவியலையும் இங்கே பார்ப்போம்.

முள்ளிலிருந்து நாடா

1941-ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற பொறியாளர், தம் நாயுடன் வேட்டைக்குச் சென்று திரும்பினார். நாயின் உரோமத்திலும் தம் உடையிலும் ஒட்டியிருந்த முட்காய்களை அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நம் மருளூமத்தையில் உள்ளது போன்ற கொக்கிகள்தாம் அங்கும் இருந்தன. ஒரு நாடாவில் கொக்கிகள், மற்றொரு நாடாவில் வளையங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒட்டும், இழுத்தால் பிரியும். இதுவே அவருடைய எண்ணம்.

எண்ணம் எளிது, செய்வது எளிதாக இல்லை. வளைய நாடாவை நெய்வதில் பெரிய சிக்கல் இல்லை. நம் குளியல் துவாலையில் நூல் வளையங்கள் நிற்கின்றனவே, ஏறக்குறைய அதே முறைதான். தறியில் ஒரு பாவை இறுக்கமாகவும் மற்றொரு பாவைத் தளர்வாகவும் விட்டு நெய்தால், தளர்ந்த பாவு வளையங்களாக எழும்பி நிற்கும். கொக்கி நாடாதான் கடினம். தூண்டில் நரம்பைப் போன்ற தடித்த ஒற்றை நைலான் இழையை வளையமாக எழுப்பி நெய்ய வேண்டும். பிறகு அதற்கு வெப்பம் கொடுக்க வேண்டும். அகச்சிவப்புக் கதிர்களால் சூடேற்றினால் நைலான் வளையம் அதே வடிவில் இறுகி நிற்பதை மெஸ்ட்ரால் கண்டறிந்தார். அதன்பின் ஒவ்வொரு வளையத்தையும் ஒரு பக்கத்தில் வெட்டிவிட்டால் கொக்கி கிடைத்துவிடும். இந்த முறையைச் செம்மைப்படுத்தப் பல ஆண்டுகள் ஆயின. 1955-இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. மென்பட்டு, கொக்கி எனப் பொருள்படும் இரண்டு பிரெஞ்சுச் சொற்களின் முற்பகுதிகளைச் சேர்த்து 'வெல்க்ரோ' என்று பெயரிட்டார்.

இங்கே ஒன்றை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சூட்டில் இளகி, ஆறியதும் வடிவத்தைக் காக்கும் பண்புதான் நைலானைக் கொக்கி ஆக்கியது. தீக்குச்சியைக் காட்டியபோது நாடாவை உருகிச் சொட்ட வைத்ததும் அதே பண்புதான்.

விண்கலத்துக்குள் நைலான்

வெல்க்ரோவைக் கண்டுபிடித்தது 'நாசா' என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நாசா அதைப் பெருமளவில் பயன்படுத்தியது. அதனால் நாடாவுக்குப் புகழ் கிடைத்தது. எடையற்ற நிலையில் பேனா, கையேடு, உணவுப் பை எதுவும் வைத்த இடத்தில் இராது. எனவே கலத்தின் உட்சுவரெங்கும் வெல்க்ரோ ஒட்டப்பட்டது. அப்போலோ வரிசையில் மனிதரை ஏற்றிச் செல்லவிருந்த முதற் கலத்தில் மட்டும் ஏறத்தாழ 34 சதுர அடி வெல்க்ரோ இருந்தது. கலத்துக்குள் எரியக்கூடிய நைலான் வலையும் வெல்க்ரோவும் மிகுதியாக இருப்பதைப் பற்றி 1966 ஆகஸ்டில் நடந்த ஒரு கூட்டத்தில் விண்வெளி வீரர்களே கவலை தெரிவித்திருந்தார்கள்.

1967 ஜனவரி 27. கேப் கென்னடி ஏவுதளத்தில் கஸ் கிரிஸம், எட்வர்ட் ஒயிட், ரோஜர் சாஃபி ஆகிய மூவரும் ஓர் ஒத்திகைக்காகக் கலத்துக்குள் அமர்ந்திருந்தனர். இராக்கெட்டில் எரிபொருள் நிரப்பவில்லை. ஆகவே அந்த ஒத்திகை ஆபத்தானவற்றின் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. கலத்துக்குள் தூய ஆக்சிஜன் நிரப்பப்பட்டிருந்தது. மாலை 6 மணி 31 நிமிடத்துக்குத் "தீ" என்ற குரல் கேட்டது. சுமார் 15 விநாடிகளில் கலத்தின் சுவர் வெடித்தது. கலத்தின் உட்கதவு உட்பக்கமாகத் திறக்க வேண்டிய கதவு. உள்ளே அழுத்தம் ஏற ஏற அது சட்டத்தோடு மேலும் அழுந்தியது. வெளியிலிருந்தவர்கள் கதவுகளைத் திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மூவரும் இறந்திருந்தனர்.

விசாரணைக் குழு மின்கம்பியில் தோன்றிய பொறியே காரணமாக இருக்கலாம் என்று கருதியது. ஆனால் எந்தக் கம்பி என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. தீ விரைந்து பரவ வழியமைத்தவற்றில் நைலான் வலையும் வெல்க்ரோவும் முக்கியமானவை.

வேதனைக்குரிய செய்தி இன்னொன்று உண்டு. 1961 மார்ச்சில், மாஸ்கோவில் ஆக்சிஜன் மிகுந்த ஒரு பயிற்சி அறையில் வலன்டின் பொண்டரென்கோ என்ற இளம் வீரர் தீயில் இறந்திருந்தார். சாராயம் தோய்ந்த ஒரு பஞ்சு சூடான மின் அடுப்பின்மேல் விழுந்ததே காரணம். சோவியத் அரசு அதை 1986 வரை வெளியிடவில்லை.

நீங்களும் செய்த சோதனை

பள்ளியில் நீங்கள் செய்த சோதனை ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சுடர் அணைந்து கனன்றுகொண்டிருக்கும் குச்சியை ஆக்சிஜன் நிரம்பிய குழாய்க்குள் நுழைத்தால், அது மீண்டும் சுடர்விட்டு எரியும். வெளிக்காற்றில் தானே அணையப்போகும் குச்சிக்கு அங்கே எங்கிருந்து அந்த வேகம் வந்தது?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். ஒவ்வோர் ஆக்சிஜன் மூலக்கூற்றுக்கும் பக்கத்தில் ஏறக்குறைய நான்கு நைட்ரஜன் மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை எரிதலில் பங்குகொள்வதில்லை. ஆனால் எரிதலில் பிறக்கும் வெப்பத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்கின்றன. பொங்கும் பாலில் தண்ணீர் தெளிப்பதுபோல், அவை சுடரின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துகின்றன. நைட்ரஜனை நீக்கிவிட்டால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. கலம் விண்ணில் பறக்கும்போது உள்ளே இருக்கும் தூய ஆக்சிஜனின் அழுத்தம், சாதாரணக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். நம் காற்றில் ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தத்தைப்போல் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் தரையில் நடந்த ஒத்திகையில் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சற்று அதிகமாக, 1.14 வளிமண்டல அளவில் இருந்தது. முழுவதும் ஆக்சிஜன். 1.14-ஐ 0.21-ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்து மடங்குக்கும் மேல்! அந்தக் கலமே ஒரு பெரிய ஆக்சிஜன் குழாயாக இருந்தது.

எரிதலுக்கு ஓர் அளவுகோல்

1966-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெனிமோர், மார்ட்டின் என்ற இருவர் ஓர் எளிய அளவீட்டை வெளியிட்டனர். கண்ணாடிக் குழாயில் ஒரு பொருளை மெழுகுவத்திபோல் நிறுத்தி உச்சியில் தீ வைக்கிறார்கள். குழாயில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் கலந்து செலுத்தப்படுகின்றன. எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் இருந்தால் சுடர் அணையாமல் நிற்கிறதோ, அந்த எண்ணே அப்பொருளின் 'ஆக்சிஜன் எல்லை எண்'.

பருத்திக்கு அது சுமார் 18. நைலானுக்கும் பாலியெஸ்டருக்கும் 20-ஐ ஒட்டி வரும். கம்பளிக்குச் சுமார் 25. 'நோமெக்ஸ்' என்ற செயற்கை இழைக்குச் சுமார் 29. டெஃப்லானுக்கு 95. காற்றில் இருப்பது 21 என்பதால், 18 எண்ணுள்ள பருத்தி எளிதில் எரிகிறது. 29 எண்ணுள்ள நோமெக்ஸ், சுடரை விலக்கியதும் அணைந்துவிடுகிறது.

ஆனால் 29 எண்ணுள்ள துணியை 40 விழுக்காடு ஆக்சிஜனில் வைத்தால்? எரியும். தூய ஆக்சிஜனில் டெஃப்லானும் எரியும். ஆகவே 'எரியாத துணி' என்று தனித்துச் சொல்வதில் பொருளில்லை. எந்தக் காற்றில் எரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவியல்.

மூன்று இழைகள், மூன்று வேலைகள்

துணியைத் தீயிலிருந்து காக்கும் முயற்சி பழையது. 1821-இலேயே பிரெஞ்சு அறிவியலார் கே-லுசாக், அம்மோனியம் பாஸ்பேட், வெண்காரம் முதலிய உப்புகளில் நாடக அரங்குத் துணிகளைத் தோய்க்கலாம் என்று காட்டினார். ஆனால் விண்கலத்துக்கு அது போதாது. இழையையே மாற்ற வேண்டியிருந்தது.

நாடாவை நெய்யும் ஒருவராக உங்களை எண்ணிக்கொள்ளுங்கள். கண்ணாடி இழை எரியவே எரியாது. ஆனால் அதில் கொக்கி செய்தால் ஒடிந்துவிடும். டெஃப்லான் எளிதில் எரியாது. ஆனால் அது மென்மையானது. தொடர்ந்து இழுவை இருந்தால் மெல்ல நீண்டுவிடும். கொக்கியோ விரிந்து, விடுபட்டதும் வில்போல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். நோமெக்ஸ் உருகாது. ஆகவே நைலானைப்போல் சூட்டில் இளக்கிக் கொக்கியாக்க இயலாது. தீக்கு எதிராக நல்லதாக இருப்பது கொக்கிக்கு உதவாது. கொக்கிக்கு நல்லதாக இருப்பது தீக்கு எதிராக உதவாது.

விடையாக வந்த நாடாவில் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. அடித்துணி கண்ணாடி இழை, வளையங்கள் டெஃப்லான், கொக்கிகள் மட்டும் பாலியெஸ்டர். அமெரிக்காவின் விண்வெளி ஓடங்கள் ஒவ்வொன்றிலும் இத்தகைய நாடா 10,000 அங்குல நீளத்துக்கு, அதாவது சுமார் 250 மீட்டர் அளவுக்கு, பொருத்தப்பட்டிருந்தது.

கண்ணாடி எப்படித் துணியாக வளைகிறது என்று கேட்பீர்கள். இழையின் விட்டத்தில்தான் இரகசியம் இருக்கிறது. வளைவதற்கு ஓர் இழை காட்டும் எதிர்ப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விட்டத்தைப் பாதியாக்கினால் எதிர்ப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். விண்வெளி உடைக்குப் பயன்பட்ட 'பீட்டா' கண்ணாடி இழையின் விட்டம் சுமார் 4 மைக்ரான்தான். நம் தலைமுடி அதைப்போல் பல மடங்கு தடித்தது.

பாலியெஸ்டர் கொக்கி எரியக்கூடியதுதானே? ஆம். அதனால்தான் நாடாவை நம்பி மட்டும் இருக்கவில்லை. நாடாவைச் சிறு சிறு துண்டுகளாக, இடைவெளி விட்டு ஒட்டினார்கள். ஒன்றில் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவாது. வெளிப்பக்கமாக விரைவில் திறக்கும் கதவை அமைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றையே மாற்றினார்கள். ஏவுதளத்தில் இருக்கும்போது அப்போலோ கலத்துக்குள் 60 விழுக்காடு ஆக்சிஜனும் 40 விழுக்காடு நைட்ரஜனும் நிரப்பப்பட்டன. விண்வெளி ஓடத்தில் பெரும்பாலும் நம் காற்றைப் போன்ற கலவையே இருந்தது.

நம் வீட்டுக்கு அருகில்

தீயணைப்பு வீரர்களின் மேலங்கியில் இன்று நோமெக்ஸ் போன்ற இழைகள் பயன்படுகின்றன. விமான இருக்கைகளின் மெத்தைகளைப் பொருத்தவும் தீத்தடுப்பு நாடா பயன்படுகிறது. விமானத் துணிகளுக்கான ஒரு சோதனையை உங்கள் சோதனைச் சாலையில் உள்ள பன்சன் அடுப்பை வைத்தே புரிந்துகொள்ளலாம். செங்குத்தாகத் தொங்கும் துணியின் அடியில் 12 விநாடி சுடரைக் காட்டி விலக்குவார்கள். 15 விநாடிக்குள் தீ அணைய வேண்டும். எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கவனியுங்கள்: இந்தச் சோதனை நடப்பது சாதாரணக் காற்றில்.

மருத்துவமனையில் ஆக்சிஜன் முகமூடி அணிந்து படுத்திருக்கும் நோயாளியின் தலையணையைச் சுற்றி இருப்பது சாதாரணக் காற்றன்று. அங்கே பருத்தி விரிப்பும் நைலான் பட்டையும் நாம் எதிர்பார்க்காத வேகத்தில் எரியும். "புகை பிடிக்காதீர், தீக்குச்சி கொளுத்தாதீர்" என்று அங்கே எழுதி வைத்திருப்பது வெறும் ஒழுங்குக்காக அன்று, உயிருக்காக. வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். சாமி விளக்கானாலும் அந்த அறைக்கு வெளியே இருக்கட்டும்.

என் மாணவருக்கு நான் சொன்னது இதுதான்: "உங்கள் தறியில் எரியாத நாடாவை நெய்ய வேண்டுமானால், எதில் நெய்வது என்று கேட்பதற்கு முன், அது எந்தக் காற்றில் இருக்கப்போகிறது என்று கேளுங்கள்." அடுத்த வாரச் செய்முறை வகுப்பில் கனன்ற குச்சியை ஆக்சிஜன் குழாய்க்குள் அவரே நுழைத்தார். குச்சி 'குப்'பென்று எரிந்தது. ஆண்டுதோறும் அந்தச் சோதனையின்போது சிரித்து ஆரவாரிக்கும் வகுப்பு, அன்று சிறிது நேரம் பேசாமல் இருந்தது.