பியானோவில் டிப்ளமோ வாங்கணுமா? 8-ம் கிரேடு மட்டும் போதாது!

சென்னை:

பிள்ளைகளை பியானோ வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் பலர், 8-ம் கிரேடு பாஸ் ஆனதும் 'எல்லாம் முடிஞ்சுது' என்று நினைத்து விடுகிறார்கள். அதற்கு மேலே டிப்ளமோ இருக்கிறது. அதுதான் நிஜமான சோதனை.

லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இந்த தேர்வில் 3 படிகள். முதல் படி ஏ.டி.சி.எல்., அடுத்தது எல்.டி.சி.எல்., உச்சியில் எப்.டி.சி.எல். இதில் எல்.டி.சி.எல். என்பது பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு தரத்துக்கு சமமாக கருதப்படுகிறது. சென்னையில் 1842-ல் தொடங்கப்பட்ட மியூசி மியூசிக்கல், டிரினிட்டி தேர்வுகளுக்கு பேர் போன இடம்.

கிரேடு தேர்வில் 3 பாட்டு, ஸ்கேல்ஸ் போன்றவை இருக்கும். டிப்ளமோ அப்படி இல்லை. ஏ.டி.சி.எல்.லுக்கே 32 முதல் 38 நிமிடம் வரை தனி கச்சேரி மாதிரி வாசிக்கணும். 100-க்கு 60 எடுத்தால் பாஸ், 80 எடுத்தால் டிஸ்டிங்ஷன்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பீத்தோவனின் 'பதெடிக்' சொனாட்டா ஒன்றே கிட்டத்தட்ட 18 நிமிடத்தை சாப்பிட்டு விடும். மீதி நேரத்துக்கு வேறு குணம் கொண்ட பாட்டுகளை, பாக், சோபின், டெபுசி என்று கலந்து தேர்வு செய்யணும். எல்லாமே வேகமான பாட்டாக எடுத்தால் கை பாதியிலேயே சோர்ந்து போகும். கடைசி 2 மாதமாவது முழு நிகழ்ச்சியையும் கடிகாரம் வைத்து, நிறுத்தாமல் வாசித்து பழகணும். தப்பு வந்தாலும் திரும்ப ஆரம்பிக்கக்கூடாது. வீட்டுக்கு வரும் மாமா, அத்தை எதிரில் வாசிக்க சொல்லுங்கள், பயம் தெளியும்.

பாட்டுகளைப் பற்றிய குறிப்பையும் மாணவரே சொந்தமாக எழுதித் தரணும். மனப்பாடமாக வாசிக்கணும் என்ற கட்டாயம் கிடையாது. ஆனால் பக்கம் திருப்புவதை முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

முக்கியமான விஷயம், 61 கட்டை கீபோர்டை வைத்து இந்த தேர்வுக்கு தயாராக முடியாது. 88 கட்டை, அழுத்தும்போது கனம் தெரியணும், பெடலும் வேணும். டிஜிட்டல் பியானோவில் மட்டுமே பழகியவர்கள், தேர்வுக்கு முன் நிஜ பியானோவில் சில நாளாவது உட்காரணும். கை வேகம் ஒன்றாக இருந்தாலும் சத்தம் வேறு மாதிரி வரும். வீட்டிலேயே நிஜ பியானோ வைத்திருப்பவர்கள் கடலோர ஈரக்காற்றில் சுருதி மாறுவதை கவனித்து அவ்வப்போது டியூனிங் செய்யணும்.

2020 கொரோனாவுக்குப் பிறகு, வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்பும் முறையும் வந்துள்ளது. அதில் எடிட்டிங் செய்ய அனுமதி கிடையாது.