குளிகையும் வில்லையும்

வல்வெட்டித்துறையில் தலையிடிக்கு மருந்து வாங்கப் போகிறவர், "ரெண்டு குளிசை தாங்கோ" என்று கேட்பார். அதே மருந்து நாகப்பட்டினத்தில் மாத்திரை. நடுவில் கிடப்பது பாக்கு நீரிணை மட்டுந்தான். பாய்க்கப்பல் காலத்தில் வல்வெட்டித்துறைத் தண்டையல்மார் இரு கரைக்கும் போய்வந்தார்கள். அவ்வூரில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடியது. சரக்குகள் கரை மாறின. இந்தச் சொல் மாறவில்லை.

ஆங்கிலத்தில் 'பில்', 'டேப்லெட்' என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒரு மொழிபெயர்ப்பில் அவற்றைப் பிரித்து எழுத வேண்டி வந்தபோதுதான் நான் இதைத் தேடத் தொடங்கினேன். லத்தீனில் சிறு பந்து என்று பொருள்படும் சொல்லே பில் ஆனது. மருந்துப் பொடியைப் பிசைந்து, திரித்து, துண்டாக்கி, கையால் உருட்டியது அது. டேப்லெட் தட்டையானது, அச்சில் அழுத்தி எடுப்பது. 1843இல் வில்லியம் பிரொக்கெடன் என்ற ஆங்கிலேய ஓவியர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1884இல் பரோஸ் வெல்கம் நிறுவனம் தன் வில்லைகளுக்கு 'டேப்ளாய்ட்' என்று வணிகப் பெயரிட்டது. பின்னாளில் அந்தப் பெயர் சிறிய பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர்ந்தது தனிக்கதை.

யூனானி ஹகீம்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. உருட்டியது ஹப்பு, தட்டையானது குர்ஸ். ஹப்பு என்றால் தானிய மணி. யாசீன் சூராவில் வருகிற அதே சொல். குர்ஸ் என்றால் வட்டத் தட்டு. அரபியில் சூரியனின் வட்டத்தையும் அப்படியே சொல்வார்கள். இப்னு சீனாவின் 'கானூனி'லேயே இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன.

தமிழிலும் குளிகை உருண்டைதான். மாத்திரையோ அளவு, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணத்தில் படித்த அதே மாத்திரை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். 1873இல் அவர் நாடு திரும்பும்வரையிலும் மருந்தகங்களில் கையால் உருட்டுவதே பெருவழக்கு. மருந்து உருண்டையாக இருந்த காலத்தில் ஊன்றிய சொல், மருந்து தட்டையான பிறகும் யாழ்ப்பாணத்தில் நிலைத்துவிட்டது என்பது என் ஊகம். ஆங்கிலேயர் மட்டும் என்னவாம்? 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கருத்தடை மருந்தும் வில்லைதான். அவர்கள் அதைப் பில் என்றே அழைக்கிறார்கள்.

கையுருண்டையில் மருந்தின் அளவு ஒன்றுக்கொன்று கூடும், குறையும். நாட்பட்டால் இறுகிக் கரையாமலே வெளியேறுவதும் உண்டு. அச்சு வந்தபின் அளவு நிலைப்பட்டது. ஆகவே மாத்திரை என்ற பெயர் பொருத்தமாக அமைவது வில்லைக்குத்தான். ஆனால் நாம் உருண்டையையும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். கற்பூர வில்லை என்று தினமும் சொல்கிற தமிழர், டேப்லெட்டை வில்லை என்றால் புரியாமலா போகும்?

நோயாளிக்கு எழுதும் குறிப்பில் இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. நடுவில் கோடு போட்ட வில்லையைப் பாதியாக உடைக்கலாம். குடலில் போய்க் கரைவதற்காக மேற்பூச்சிட்டதை உடைக்கக் கூடாது. "பாதிக் குளிசை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், கையில் இருப்பது எதுவென்று பாட்டிக்கு யார் சொல்வது?