முப்பது பவுண்டுக் குரல்

போன வாரம் எங்கே விட்டோம்? லண்டன், ஆபி ரோடு ஸ்டூடியோ. 'தி டார்க் சைடு ஆஃப் த மூன்' ஆல்பம் முடியப்போகிற நேரம். ஒரே ஒரு பாட்டு மட்டும் பிங்க் ஃபிளாய்டின் நால்வரையும் முழிக்க வைத்துக்கொண்டிருந்தது.

சாவைப் பற்றிய பாட்டு. பியானோவில் ரிச்சர்ட் ரைட் உருக்கிவிட்டார். அதன்மேல் எதை வைப்பது? விவிலிய வாசிப்பை வைத்துப் பார்த்தார்கள். விண்வெளி வீரர்களின் பேச்சை வைத்துப் பார்த்தார்கள். எதுவும் ஒட்டவில்லை.

ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பெயரைச் சொன்னார். கிளேர் டோரி. வயது 25. கூலிக்குப் பாடுகிறவர்.

சனிக்கிழமை வரச்சொன்னால், அன்று சக் பெர்ரி கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிவிட்டாராம்! சரி, ஞாயிறு இரவு ஏழு மணி. ஞாயிறு என்றால் இரட்டைக் கூலி. 30 பவுண்டு.

வந்தார். பாட வரிகள் தரவில்லை. மெட்டும் தரவில்லை. பியானோ ஓடும், நீ பாடு. அவ்வளவுதான்.

பாவம், என்ன செய்வார்? பழக்கதோஷத்தில் 'ஓ பேபி' என்று இழுத்தார். உடனே நிறுத்தினார்கள். சொல்லே கூடாது!

ஹெட்போனுக்குள் தனியாக நின்றார் கிளேர். ஒரு முடிவுக்கு வந்தார்.

இனி நான் பாடகி இல்லை. ஒரு வாத்தியம்.

குரல் வெடித்தது. அலறியது, கெஞ்சியது, விம்மி அடங்கியது. ஒரு டேக். இன்னொரு டேக். மூன்றாவதில் பாதி வழியில் தானே நிறுத்திவிட்டார். பாடியதையே பாடுகிறோம் என்று தோன்றிவிட்டது.

வெளியே வந்தார். எதிரே நால்வர். ஒரு வார்த்தை இல்லை.

கிளேருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கன்னாபின்னாவென்று கத்திவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அசந்துபோய் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பாராட்ட வாய் வரவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இது குப்பைக்குத்தான் போகும் என்று நினைத்தபடி வீட்டுக்குக் கிளம்பினார்.

இன்றிரவு அந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். ஒரு நிமிடம் தாண்டியதும் டிரம்ஸ் விழும். கூடவே அந்தக் குரல் பாயும். பல டேக்குகளை வெட்டி ஒட்டியதுதான். தையல் தெரிகிறதா, பாருங்கள்.

சில காலம் கழித்து ஓர் இசைத்தட்டுக் கடை. புது ஆல்பத்தைக் கையில் எடுக்கிறார் கிளேர். உறையில் அவர் பெயர்!

குப்பைக்குப் போகவில்லை. உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் அதே உறையில், பாட்டை ஆக்கியவர் என்ற இடத்தில் ரைட்டின் பெயர் மட்டும். மெட்டே தராமல் பாடச்சொன்னார்களே, அப்படியானால் அந்தக் குரலில் பிறந்த மெட்டு யாருடையது?

இந்தக் கேள்வி நீதிமன்றப் படியேற 31 ஆண்டுகள் ஆயின. ஏறியபோது என்ன ஆயிற்று?

அடுத்த வாரம்.