விக்டோரியா காலச் சிறுவர் வரலாற்று நூல்களின் முதற்பதிப்புகள்

இங்கிலாந்தின் பழம்புத்தகச் சந்தையில் விக்டோரியா காலச் சிறுவர் வரலாற்று நூல்களின் முதற்பதிப்புகள் தனி மதிப்புள்ள வகை. காரணம் எளிது: குழந்தைகள் புத்தகத்தைப் பூட்டி வைப்பதில்லை. தாளைக் கிழிப்பார்கள், படங்களுக்கு வண்ணம் பூசுவார்கள், தம்பி தங்கைகளுக்குக் கைமாற்றுவார்கள். சிதையாமல் தப்பிய பிரதி அதனாலேயே அரிது.

சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடுவது சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ சைல்ட்ஸ் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து’. 1851 முதல் 1853 வரை அவரது ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழில் தொடராக வந்தது. பெரும்பகுதியை அவர் சொல்லச் சொல்ல, மைத்துனி ஜார்ஜினா ஹோகார்த் எழுதினார். பிராட்பரி அண்ட் எவன்ஸ் அதை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. தலைப்புப் பக்கங்களில் 1852, 1853, 1854 என்ற ஆண்டுகள் இருக்கும். தனித்தனியே விற்றவை என்பதால், வெவ்வேறு பிரதிகளிலிருந்து ஒட்டுச் சேர்த்த தொகுப்புகளும் உலவுகின்றன. மூன்றும் முதல் அச்சா, பழைய துணிக்கட்டு மாறாமல் உள்ளதா என்று பார்ப்பதே முதல் சோதனை.

மரியா கால்காட்டின் ‘லிட்டில் ஆர்தர்ஸ் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து’ 1835இல் வந்தது. விக்டோரியா முடிசூடுவதற்கு முந்தையது என்றாலும், அந்த நூற்றாண்டு முழுதும் பிள்ளைகள் படித்த நூலை இந்த வரிசையிலிருந்து தள்ளுவது நியாயமல்ல. இளவயதில் இந்தியா வந்து மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி எழுதியவரும் இவரே.

விற்பனைச் சந்தைக்கு வெளியே, கனடாவில் டொராண்டோ பொது நூலகத்தின் ஆஸ்போர்ன் தொகுப்பு, பழைய சிறுவர் நூல்களுக்குப் பெயர்பெற்றது. எட்கர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேய நூலகர் 1949இல் தம் புத்தகங்களை அளித்ததில் தொடங்கியது அது.