திருகாணியின் தலை ஏன் தேய்கிறது?

நெடுந்தீவில் ஒரு லப்டொப்பின் அடிமூடியைக் கழட்டுகிறோம் எண்டு வையுங்கோ. பத்து ஸ்குறூவில் ஒன்பது வந்துவிட்டது. பத்தாவது அசையவில்லை. ட்ரைவரைத் திருப்பத் திருப்ப அது வழுக்கி மேலே வருகிறது. நாலாம் முறை பார்த்தால், தலையில் இருந்த சிலுவைக் குழி வட்டக் குழியாகிவிட்டது. யாழ்ப்பாணம் ரவுணுக்குக் கொண்டு போகலாம்தான். குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படகு, பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை எண்டு பஸ். கடல் குழம்பினால் அதுவும் இல்லை. நயினாதீவுக்காரருக்குப் படகு கொஞ்ச நேரம்தான், ஊர்காவற்றுறைக்கு ரோட்டே இருக்கு. எண்டாலும் இரண்டு மில்லிமீற்றர் இரும்புக்காக ஒரு நாள் போகும். போதாததுக்கு, "உனக்குக் கை சரியில்லை" எண்டு வீட்டில் ஒரு தீர்ப்பும் கிடைக்கும்.

அந்தத் தீர்ப்பு பிழை எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

திருகாணி எண்டால் எங்கட அம்மம்மாக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தோடு. பத்தர் கையால் புரி வெட்டிச் செய்த பழைய தோட்டில் இடக்காதுச் சுரை வலக்காதுத் தோட்டுக்கு ஏறாது. ஒவ்வொன்றும் தன் சோடியோடு மட்டும்தான் சேரும். 1800 வரைக்கும் உலகத்தில் பெரும்பாலான திருகாணிகளின் நிலைமையும் இதுதான். அந்தக் காலத்தில் இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லி துல்லியமாகப் புரி வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செய்தார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விற்வேர்த் 1841இல் புரியின் கோணம் 55 பாகை, இந்தத் தடிப்புக்கு இத்தனை புரி எண்டு ஒரு பொது அளவை முன்வைத்தார். ஒரு ஊரில் செய்த ஆணி இன்னொரு ஊர் நட்டுக்குப் பொருந்தத் தொடங்கியது இப்படித்தான். இன்றைக்கு லப்டொப்பில் பெரும்பாலும் இருக்கிற எம்2, எம்2.5 எண்ட அளவுகள் பிறகு வந்த மெற்றிக் முறைக்குரியவை, 2, 2.5 எண்டது புரியின் விட்டம், மில்லிமீற்றரில்.

புரிக்கு ஒழுங்கு வந்தது. தலைக்கு வரவில்லை.

பழைய ஒற்றைக் கீறல் தலையில் ட்ரைவர் பக்கவாட்டில் சறுக்கிக் கையைக் கிழிக்கும். கனடாவில் பீற்றர் றொபேற்சன் 1909இல் சதுரக் குழித் தலைக்குக் காப்புரிமை வாங்கினார். அது இலேசில் வழுக்காது. ஆனால் உலகம் எடுத்தது அதை இல்லை. அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் இன்னொருவரிடம் வாங்கித் திருத்திய சிலுவைத் தலை 1936இல் காப்புரிமை பெற்று, ஜெனரல் மோட்டர்ஸின் கடிலக் கார்த் தொழிற்சாலைக்குள் போனது. வேலைத்தளத்தில் அதன் வசதி பெரிசு: ட்ரைவரின் நுனி தானாக நடுவுக்கு வந்துவிடும், இயந்திரத்தால் கடகடவெண்டு பூட்டலாம். குழியின் சுவர்கள் சரிவானவை எண்டதால் பலத்தோடு திருப்பினால் ட்ரைவர் மேலே தள்ளப்படும். வேணுமெண்டேதான் அப்படிச் செய்தவை எண்டு ஒரு கதை இருக்கு. முதல் காப்புரிமையில் அப்படி ஒரு நோக்கம் சொல்லப்படவில்லை. எது எப்படியோ, அது பூட்டுகிறவரை நினைத்துச் செய்த தலை. கழட்டுகிறவர் அந்தக் கணக்கில் இல்லை.

இதுக்குள்ளே ஜப்பான்காரருக்குத் தனியாக ஒரு சிலுவை அளவு உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒண்டுதான். ஜப்பான் தலைக்குள் பிலிப்ஸ் நுனியைப் போட்டால் அடி மட்டும் போய் அது உட்காராது, விளிம்பை உராஞ்சித் தின்னும்.

தீவில் உப்பும் சேரும். உப்பு ஈரத்தை இழுக்கும். அலுமினியத்துக்குள் உருக்கு ஆணி இருந்தால் ஈரம் பட்ட இடத்தில் இரண்டு உலோகத்துக்கும் இடையில் அரிப்பு நடந்து, வெள்ளைத் தூளாகி, ஆணியை இறுக்கிப் பிடிக்கும். போதாக்குறைக்கு, கழண்டு விழாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே புரியில் நீலப் பசை பூசியிருப்பார்கள். இந்த வகைப் பசை 1950களில் வேர்னன் கிறீபிள் எண்ட அமெரிக்க வேதியியல் பேராசிரியர் செய்தது. காற்றுப் படாத இடத்தில்தான் இறுகும்.

1990 யூனில் மீண்டும் போர் தொடங்கி, மின்சாரம் நின்று, பற்றறியும் எரிபொருளும் தடையான காலத்தை எங்களில் பலர் கேட்டுத்தான் அறிந்தவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டவை. நாலு சொட்டுப் பெற்றோலில் மோட்டார்சைக்கிளை ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினவை. பெருமைக் கதையாக இதைச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. சனத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ: அந்தச் சாமான்களைத் திறக்க முடிந்தது. 2009இல் அப்பிள் மக்புக் புறோவின் பற்றறியை ஐந்து இதழ் ஆணியால் பூட்டியது. அதுக்குரிய ட்ரைவர் அப்போது சாதாரணக் கடையில் இல்லை. அதே தடை இன்றைக்கு வந்தால், மண்ணெண்ணெய் கிடைத்தாலும் மூடி கழறாது.

சரி, அந்தப் பத்தாவது ஸ்குறூ. முதலில் திருப்புறதை நிப்பாட்டுங்கோ. சரியான நுனி (பெரும்பாலும் பிஎச்0 அல்லது பிஎச்00) எடுத்து, மேலிருந்து நல்லா அழுத்துங்கோ. முக்கால்வாசிப் பலம் அழுத்துறதுக்கு, மிச்சம்தான் திருப்புறதுக்கு. வழுக்கினால் இடையில் பலூன் துண்டு வையுங்கோ. சைக்கிள் ரியூப் இதுக்குத் தடிப்புக் கூட. பசைதான் பிடிக்குதெண்டால் சோல்டரிங் அயன் நுனியைத் தலையில் சில விநாடி வைத்தால் இளகும். கீழே பற்றறி இருக்கிற இடமெண்டால் அதைச் செய்யவே வேண்டாம். தேங்காயெண்ணெய் விடாதேங்கோ, உள்ளே ஊறிப் போகும். தலை வெளியே தள்ளி நிண்டால் குறடு போதும். கடைசி வழி, சுற்றிவர ரேப் ஒட்டித் தலையில் ஒரு கீறல் வெட்டுறது, அதுவும் சரிவராவிட்டால் தலையைத் துளைத்து எடுக்கிறது. தலை போனால் மூடி கழறும், மிஞ்சின தண்டைக் குறட்டால் பிடித்துத் திருப்பலாம். உலோகத் தூள் ஒரு துளி போர்ட்டில் விழுந்தாலும் ஷோர்ட் ஆகும், அதனால் ஊதாமல் ரேப்போடு சேர்த்து ஒத்தி எடுங்கோ.

வெளியே வந்ததைத் திரும்பப் போடாதேங்கோ. செத்த லப்டொப் ஒன்றிலிருந்து அதே தடிப்பில் ஒன்று எடுக்கலாம். நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கோ. ஒரு மில்லிமீற்றர் கூடினால் அது போர்ட்டில் போய் இடிக்கும்.